கோத்தகிரி – மேட்டுப்பாளையம் இறக்கத்துக்கு எவ்வளவு வேகம் சரி? இயற்பியல் கணக்கில் உதவி வேண்டும்

அரவேனு டீச்சர்:
பிளஸ் ஒன்னுக்கு இயற்பியல் எடுக்கிறேன். இயக்கவியல் பாடம் முடிந்ததும் எங்கள் ஊர்ச் சாலையையே பிள்ளைகளுக்குக் கணக்காகக் கொடுத்தேன். ஆபத்தைப் பார்த்து ஓட்டுநர் பிரேக்கை மிதிக்க 2.5 விநாடி. அதற்குள் ஓடும் தூரத்தோடு, பிரேக் பிடித்தபின் ஓடும் தூரத்தையும் கூட்டினால், 40 கி.மீ. வேகத்துக்குச் சமதளத்தில் ஏறத்தாழ 45 மீட்டர் வருகிறது. சாலை வடிவமைப்புக்கு அளவுகள் வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸின் அட்டவணையிலும் அதேதான். ஆனால் எங்கள் சாலையில் சமதளம் எங்கே இருக்கிறது? இறக்கத்துக்கு எப்படித் திருத்துவது?

இன்னொன்று. சூத்திரத்தில் நிறை அடிபட்டுப் போகிறதே, பிறகு லாரிக்கு மட்டும் ஏன் பயப்படுகிறோம் என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி, முழுப் பதில் சொல்ல ஆசை. வேகப் பலகை கேட்டுக் கிராம சபையில் மனு கொடுக்கப் போகிறோம், எண்கள் சரியாக இருக்க வேண்டும்.

பழைய ரோடு இன்ஜினியர்:
உராய்வுக் குணகத்திலிருந்து, அதாவது டயர் சாலையைப் பற்றும் அளவிலிருந்து, சரிவைக் கழியுங்கள் டீச்சர். 12 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்கும் இடமென்றால் சரிவு 0.083. 40 கி.மீ. வேகத்துக்குக் குணகம் 0.38, கழித்தால் 0.30 கூட இல்லை. பிரேக் பிடித்தபின் ஓடுவது 17 மீட்டரிலிருந்து 21 ஆகும், மொத்தம் 49. ஏறுகிற வண்டிக்கோ அந்த 17 என்பது 14 ஆகக் குறையும். இருவருக்கும் ஒரே எண் எழுதுவது எனக்கு என்றைக்கும் உறுத்தல்தான்.

கொண்டை ஊசியில் பிரேக்கைவிட வளைவுதான் முந்திக்கொள்ளும். ஆரம் 14 மீட்டர், வெளிவிளிம்பு உயர்வு 10 சதவீதம், பக்கவாட்டு உராய்வு 0.15 என்று போட்டுப் பாருங்கள். 21 கி.மீ. வரும். அங்கே 20 என்று வைப்பது சும்மா இல்லை.

மூடுபனியில் 20 மீட்டர்தான் தெரிகிறது என்றால், இந்தச் சரிவில் 20 கி.மீ. வேகத்துக்கே 19 மீட்டர் வேண்டும்.

கேரட் லோடு:
மேட்டுப்பாளையம் மண்டிக்குக் காய்கறி இறக்குகிறவன் நான். இன்ஜினியர் ஐயா சொன்னதெல்லாம் பிரேக் பிடிக்கும் என்று நம்பிப் போட்ட கணக்கு. குஞ்சப்பனை தாண்டும்போதே சில வண்டிகளில் பிரேக் லைனர் கருகும் வாடை வந்துவிடும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறார்கள், இல்லையென்றால் டாப் கியரில் காலை எடுக்காமல் மிதித்துக்கொண்டே வருகிறார்கள். பலகையில் 30 என்று இருந்து, வண்டியும் 30-இல் வந்தால்கூட பிரேக் டிரம் சூடேறிவிட்டால் மிதி உள்ளே போகும், வண்டி நிற்காது. ஏறும்போது எந்த கியரோ அதிலேயே இறங்க வேண்டும். மனுவில் இதையும் எழுதுங்கம்மா.

பழைய ரோடு இன்ஜினியர்:
தம்பி சொன்னதில்தான் மாணவிக்குப் பதில் இருக்கிறது. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 1,400 மீட்டருக்கு மேல் தாழ்வு. 1,400 என்றே வைத்தாலும் வண்டியின் ஒவ்வொரு கிலோவுக்கும் 13,700 ஜூல் ஆற்றலை வழியில் கழித்தாக வேண்டும். 30 கி.மீ. வேகத்தில் ஒரு கிலோவின் இயக்க ஆற்றல் 35 ஜூல்கூட இல்லை. மலை இறங்குவது, 30-இல் ஓடும் வண்டியை ஏறத்தாழ 400 தடவை நிறுத்துவதற்குச் சமம். லோடு இரண்டு மடங்கானால் வெப்பமும் இரண்டு மடங்கு, ஆனால் டிரம் அதே டிரம்தான். நிறை அடிபடாத இடம் இது.

வேகத்துக்கும் இங்கே பங்கு உண்டு. அதே சரிவில் 10 டன் லாரி 30-இல் இறங்கினால் விநாடிக்கு விநாடி 68 கிலோஜூல் ஆற்றலைக் கழிக்க வேண்டும், 20-இல் 45. இதில் சின்ன கியர் போட்ட என்ஜின் எவ்வளவு வாங்கிக்கொள்கிறதோ அவ்வளவு சுமை பிரேக்குக்குக் குறையும்.

அரவேனு டீச்சர்:
இருவருக்கும் நன்றி. ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் தனித்தனி எண், இறக்கப் பலகையில் கியரும் சேர்த்து. மனுவில் இப்படியே கேட்கிறோம். கேரட் லோடு தம்பி, எதிரே வருவது மிகக் கிட்டத்தில்தான் தெரியும் வளைவுகள் எவையென்று சொன்னால், பெற்றோரையும் கூட்டிக்கொண்டு போய் முதலில் அங்கே பார்வைத் தூரத்தை அளந்துவிடுகிறோம்.

கேரட் லோடு:
இன்று லோடு இறக்கிவிட்டுத் திரும்பும்போது குறித்துக்கொண்டு வருகிறேன். காலையில் வேண்டாம்மா, பஸ்ஸும் லாரியும் நெருக்கும். மதியம் போங்கள்.