சொந்த நாடாவுக்கும் பூட்டா?

நாடாப்பிரியன்:
1995இல் நியூ ஜெர்சியில் என் மகளின் அரங்கேற்றத்தை வீட்டு டாட் (டிஜிட்டல் ஒலிநாடா) கருவியில் மைக் வைத்துப் பதிந்தேன். அவளுடைய குருவுக்கு ஒரு டிஜிட்டல் பிரதி எடுத்துக் கொடுத்தேன். சில மாதங்களில் மூல நாடா கருவிக்குள் சிக்கிக் கசங்கிவிட்டது. குருவிடமிருந்த பிரதியை வாங்கி மறுபிரதி எடுக்கப் பார்த்தால், பதிய முடியாது என்றது கருவி. எஸ்சிஎம்எஸ் என்னும் தொடர்நகல் தடுப்பின் வேலை அது. ஆடியது என் மகள், பாடியவர்கள் சம்மதத்தோடு பதிந்தது நான். யாருடைய உரிமையைக் காக்க அந்தப் பூட்டு?

சுருதிப்பெட்டி:
உங்கள் இழப்பு வருத்தம் தருகிறது. ஆனால் விதியை முழுதாகச் சொல்லுங்கள் ஐயா. மூலத்திலிருந்து எத்தனை பிரதியும் எடுக்கலாம். பிரதியின் பிரதிக்குத்தான் தடை. கேசட்டில் நகலுக்கு நகல் இரைச்சல் ஏறும். டிஜிட்டல் நாடாவில் நூறாவது நகலும் முதல் நகலைப் போலவே ஒலிக்கும். பாட்டை நம்பிப் பிழைப்பவர்கள் அஞ்சியதில் என்ன தவறு? முன்பு சிபிஎஸ் இசை நிறுவனம் முன்வைத்த காப்பிகோட் என்னும் நகல் தடுப்பு முறை, பாட்டின் ஒலியிலேயே 3,840 ஹெர்ட்ஸ் அதிர்வெண் அருகில் ஒரு துண்டை வெட்டச் சொன்னது. எஸ்சிஎம்எஸ் ஒலியைத் தொடவே இல்லை. அதைக் கட்டாயமாக்கிய 1992ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம், வணிக நோக்கமின்றி வீட்டில் பதிபவர் மீது வழக்குத் தொடுக்க முடியாது என்றும் எழுதிக் கொடுத்தது. கருவி விலையில் 2 விழுக்காடும், வெற்று நாடாவில் 3 விழுக்காடும் இசைத் துறைக்குப் போயிற்று.

நாடாப்பிரியன்:
இசைத் துறையில் யாருக்கு? நிதியில் மூன்றில் இரண்டு பங்கு ஒலிப்பதிவுக் கணக்குக்கு. பக்க இசைஞர்களுக்கு 4 விழுக்காடு ஒதுக்கியபின், மிச்சத்தில் 60 விழுக்காடு நிறுவனங்களுக்கு, 40தான் பாடியவருக்கு. நான் வாங்கிய ஒவ்வொரு வெற்று நாடாவிலும் அந்தப் பணம் சேர்ந்திருந்தது. மகளின் சலங்கை ஒலியைப் பதிந்ததற்கு அந்த நிறுவனங்களுக்கு ஏன் கப்பம் கட்ட வேண்டும்?

சுருதிப்பெட்டி:
பங்கீடு நியாயமில்லை, ஒப்புக்கொள்கிறேன். அதற்காகத் தடையே கூடாது என்று ஆகிவிடாது. டிஜிட்டல் கம்பியை விட்டு அனலாக் கம்பி வழியாக நீங்கள் பதிந்திருக்கலாமே, அதை யாரும் தடுக்கவில்லை.

ஒலிக்கூடம்:
இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். அந்தப் பூட்டு, ஒலியோடு சேர்ந்து பதியும் வெறும் இரண்டு பிட் குறி. மைக் வழியாக வருவது யாருடைய ஒலி என்று வீட்டுக் கருவிக்குத் தெரியாது. 'ஒருமுறை நகலெடுக்கலாம்' என்று குறித்துவிடும். அதன் பிரதியில் குறி 'கூடாது' என்று மாறிவிடும். தொழில்முறைக் கருவிகளுக்குச் சட்டமே விலக்குத் தந்திருந்தது. ஆக, திருட்டு நாடா விற்க நினைத்தவன் கூடுதல் விலை கொடுத்து அத்தகைய கருவியை வாங்கிக்கொண்டான், மாட்டிக்கொண்டது குடும்பஸ்தர்.

நாடாப்பிரியன் ஐயா, குருவின் நாடா இன்னும் இருக்கிறதா? இருந்தால் கணினியில் நகலெடுத்துப் பார்க்கலாம். கணினி அந்தச் சட்டத்துக்குள் வராது என்று 1999இல் ரியோ எம்பி3 கருவி வழக்கில் நீதிமன்றமே சொல்லிவிட்டது. கணினியின் பல ஒலி அட்டைகள் அந்தக் குறியைக் கண்டுகொள்வதில்லை. ஓடும் நிலையில் உள்ள டாட் கருவி என்னிடம் இருக்கிறது. நாடாவில் பூஞ்சை படிவதற்குள் அனுப்புங்கள்.