வெள்ளை, சிவப்பு ஒயின்களை ஒரே மாலையில் ஒப்பிடுவது எப்படி?

வணக்கம் நண்பர்களே. புட்டிகளை மறைத்து வைத்து ஒயின்களைச் சுவைத்து ஒப்பிடும் மாலை ஒன்றுக்கு ஏற்பாடு செய்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டும்.

வெள்ளையில் பிரான்சின் ஷாப்லி, மெர்சோ. சிவப்பில் பிரான்சின் போயாக், இத்தாலியின் பரோலோ. முதல் இரண்டும் ஒரே ஷார்டனே திராட்சைதான். ஆனால் ஷாப்லி பெரும்பாலும் ஓக் மணம் ஏறாமல் எலுமிச்சைப் புளிப்போடு கூர்மையாக நிற்கும். மெர்சோவோ ஓக் பீப்பாயில் முதிர்ந்து, வெண்ணெயும் வறுத்த பருப்பும் மணக்க வாயை நிறைக்கும். வந்திருப்பவர்கள் அனைவரும் இந்த வேறுபாட்டைத் தாங்களாகவே கண்டுகொள்ள வேண்டும் என்பது என் ஆசை. இவற்றை எத்தனை டிகிரியில் பரிமாறுகிறீர்கள்? மிகவும் குளிர்ந்தால் மணம் அடங்கிவிடுகிறது. 10 முதல் 12 டிகிரி செல்சியஸ் சரியாக இருக்குமா?

உண்மையான சிக்கல் சிவப்பில்தான். பரோலோவின் வெளிர் நிறத்தைப் பார்த்து மென்மையானது என்று எண்ணிவிட முடியாது. அதன் டானின் (திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வரும் துவர்ப்புப் பொருள்) ஈறுகளை இறுக்கிப் பிடிக்கும், நாக்கு வறண்டுபோகும். அதன் பிறகு வரும் போயாக்குக்கு நியாயம் கிடைக்குமா? இடையே வெறும் ரொட்டியும் தண்ணீரும் போதுமா?

1976இல் ஆங்கிலேய ஒயின் வணிகர் ஸ்டீவன் ஸ்பரியர் பாரிஸில் நடத்திய புகழ்பெற்ற சுவைத்தேர்விலும் வெள்ளைக்குப் பிறகே சிவப்பைச் சுவைத்தார்கள். இரண்டிலும் கலிபோர்னிய ஒயின்களே முதலிடம் பெற்றன. அந்த வரிசையையே நானும் பின்பற்றப்போகிறேன். பரோலோவை எவ்வளவு நேரம் முன்னதாகத் திறந்து காற்றாட விட வேண்டும் என்பதையும் தயவுசெய்து சொல்லுங்கள்.