கல்லூரி வாசல் தூங்குமூஞ்சி மரங்கள்: வெட்டுவதா, வைத்திருப்பதா?

சிப்புட்_சேகர்:
சுங்கை சிப்புட் நண்பர்களுக்கு ஒரு செய்தி. நம் ஊர்க் கல்லூரி வாசல் சாலையில் வரிசையாக நிற்கும் தூங்குமூஞ்சி மரங்களை வெட்டிவிட்டு ராயல் பாம் என்ற அழகுப் பனை நடப் போகிறார்களாம். பெற்றோர் கூட்டத்தில் சொன்னார்கள். என் ஆதரவு உண்டு. போன வாரப் பெருமழையில் தொடைத் தண்டிக் கிளை ஒன்று முறிந்து மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடத்தில் விழுந்தது. வகுப்பு நேரமாக இருந்ததால் பிள்ளைகள் தப்பினார்கள். 2024 மே மாதம் கோலாலம்பூர் சுல்தான் இஸ்மாயில் சாலையில் மரம் சாய்ந்து 17 வாகனங்கள் நசுங்கின, ஒருவர் செத்தே போனார். அதற்குள் மறந்துவிட்டதா? நிழலுக்காக உயிரை அடகு வைக்க முடியாது.

லயத்துக்கிளி:
சேகர் அண்ணே, விழுந்த கிளையைக் கிட்டப் போய்ப் பார்த்தீர்களா? நான் பார்த்தேன். முறிந்த இடத்தை ஒட்டி ஒரு பழைய வெட்டு. அதற்குக் கீழே கட்டை பழுப்பேறி, விரலால் நோண்டினாலே உதிர்கிறது. சில வருடங்களுக்கு முன் குத்தகைக்காரர் வந்து எல்லா மரங்களையும் மொட்டையடித்தாரே, அந்த வேலைதான் இது. கிளையை நடுவில் வெட்டினால் காயம் மூடாது, அழுகல் உள்ளே இறங்கும். வெட்டிய இடத்தில் கொத்துக்கொத்தாகத் துளிர்க்கும் கிளைகளுக்கு உள்கட்டையில் பிடிப்பு குறைவு. கனம் கூடியதும் காற்றுக்கு முறியும். கிளை மரத்தோடு சேரும் இடத்தில் லேசாக வீங்கிய ஒரு வளையம் இருக்கும். அதைத் தொடாமல் அதற்கு வெளியே வெட்டியிருந்தால் மரமே காயத்தை மூடிக்கொண்டிருக்கும்.

இன்னொன்று, 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேற்பட்ட மரத்தை வெட்ட நகராண்மைக் கழகத்தின் எழுத்து அனுமதி வேண்டும். வாங்கிவிட்டார்களா?

சிப்புட்_சேகர்:
தங்கச்சி, செத்த மரத்துக்கும் ஆபத்தான மரத்துக்கும் அதே சட்டத்தில் விலக்கு இருக்கிறது. அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அப்புறம், நீ சொன்னதெல்லாம் எனக்குத்தான் சாதகம். ஒரு மரத்தை இல்லை, எல்லா மரங்களையும் மொட்டையடித்தார்கள். அப்படியென்றால் எல்லாவற்றிலும் அழுகல் இறங்கியிருக்கும். யார் செய்த தப்பாக இருந்தாலும், கீழே நடப்பது நம் பிள்ளைகள்.

முன்னாள்_கிராணி:
இரண்டு பேரும் மேலேயே பார்க்கிறீர்கள், கொஞ்சம் கீழேயும் பாருங்கள். அந்த வளாகம் பழைய பால்மரக் காடு, அதாவது ரப்பர் தோட்டம். கட்டடம் எழுப்பும்போது அடிக்கட்டைகளைப் பிடுங்காமல் மேலே மண்ணைக் கொட்டி மூடினார்கள். அப்புறம் விடுதிப் பக்கம் நட்ட பலாக் கன்றுகள் ஒவ்வொன்றாக மஞ்சளித்துச் செத்தன. உரம் போதவில்லை என்றார்கள். நான் ஒன்றைத் தோண்டிப் பார்த்தேன். வேரெல்லாம் வெள்ளை நூல் ஒட்டிப் படர்ந்திருந்தது, அடியில் ஆரஞ்சு நிறத் தட்டுக் காளான். வெள்ளை வேர் நோய். புதைந்த கட்டையிலிருந்து வேர் வழியாகவே பரவும். மறுநடவுக்கு முன்னால் கட்டையைப் பிடுங்க வேண்டும் என்பது தோட்டத்தில் சின்னப் பையனுக்கும் தெரியும்.

வேலிக்கு அந்தப்புறம் செம்பனை, எண்ணெய் எடுக்கும் பனை. அதைக் கொல்லும் கானோடெர்மா காளான் வேறு பனை வகைகளையும் பிடிக்கும். ராயல் பாம் நட்டால் கவலை தீர்ந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். அதன் மட்டையும் பஞ்சு இல்லை, தலையில் விழுந்தால் தெரியும்.

அதற்காகக் கிளி சொல்வது போல எல்லாவற்றையும் காப்பாற்றவும் முடியாது. மரச்சுத்தியலால் அடிமரத்தைச் சுற்றித் தட்டினால் பொள்ளல் சத்தம் காட்டிக்கொடுக்கும். சந்தேகம் வந்த மரத்தை மட்டும் மர வல்லுநர் கருவி வைத்துப் பார்க்கட்டும்.

லயத்துக்கிளி:
ஐயா, எல்லாவற்றையும் காப்பாற்று என்று நான் கேட்கவே இல்லை. எந்த மரம், எப்போது நட்டது, கடைசியாக யார் கை வைத்தது என்று ஒரு பதிவேடு கேட்கிறேன். மலாயாப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் பூங்காவான ரிம்பா இல்மு 1974 முதல் இருக்கிறது, அங்கே செடிகொடிகளே பாடம். பக்கத்துக் கோலகங்சாரில் 1877இல் நட்ட ரப்பர் மரத்தை இன்றும் வேலி போட்டுப் பார்த்துக்கொள்கிறார்கள். நம் கல்லூரியிலோ நாகலிங்க மரம் எங்கே நிற்கிறது என்று கேட்டால் அலுவலகத்தில் விழிக்கிறார்கள்.

சிப்புட்_சேகர்:
ரிம்பா இல்மு 80 ஹெக்டர், பின்னால் ஒரு பல்கலைக்கழகமே நிற்கிறது. நம் கல்லூரிக்கு இருப்பது புல் வெட்டும் இரண்டு பேர். வல்லுநருக்கு யார் வெள்ளி கொடுப்பது?

முன்னாள்_கிராணி:
தம்பி, ராயல் பாம் மட்டும் சும்மா வருகிறதா? அந்தக் காசில் பாதியை எடுத்தாலே வல்லுநர் வந்துவிடுவார். அதுவரை மோட்டார் நிறுத்துமிடத்தைப் பந்துத் திடல் பக்கம் மாற்றச் சொல்லுங்கள். செலவே இல்லை. மரத்தின் கால் வரை போட்டிருக்கும் தாரையும் பெயர்த்துவிட்டால் வேர் மூச்சு விடும்.

சிப்புட்_சேகர்:
நிறுத்துமிடத்தை மாற்றச் சொல்லி இன்றே கடிதம் எழுதுகிறேன் ஐயா, கிளியும் கையெழுத்துப் போடட்டும். ஆனால் பேருந்து நிற்கும் இடத்தில் சாய்ந்திருக்கும் இரண்டு மரங்களும் போக வேண்டும் என்றுதான் அதில் எழுதுவேன்.

லயத்துக்கிளி:
தட்டிப் பார்த்த பிறகு என்று ஒரு வரி சேர்த்தால் போடுகிறேன்.