பரந்தனிலிருந்து முல்லைத்தீவைச் சுற்றி வவுனியாவுக்கு ஒரே பகலில் சைக்கிளில் சென்றடைய முடியுமா?

வடமராட்சியான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இலங்கையின் வடக்கே பருத்தித்துறையிலிருந்து தெற்கே தெய்வேந்திரமுனை வரை தனியாகச் சைக்கிளில் செல்ல ஆயத்தமாகி வருகிறேன். முதல் நாள் ஆனையிறவைக் கடந்து பரந்தனில் தங்குவது என்று முடிவாகிவிட்டது. சிக்கல் இரண்டாம் நாளில்தான் இருக்கிறது. கண்டி வீதியால் நேரே இறங்கினால் வவுனியா அவ்வளவு தூரமில்லை. ஆயினும் என் தாயாரின் ஊர் முல்லைத்தீவை அடுத்த முள்ளியவளை என்பதால், பரந்தனில் கிழக்கே திரும்பி, புதுக்குடியிருப்பு, முல்லைத்தீவு, ஒட்டுசுட்டான், மாங்குளம் என்று சுற்றி அன்றிரவே வவுனியாவைச் சேர விரும்புகிறேன். வரைபடத்தில் கூட்டிப் பார்த்தால் ஏறத்தாழ 145 கிலோமீற்றர் வருகிறது. இதற்கு முன்னர் ஒரே நாளில் 110 கிலோமீற்றர் வரை ஓடியிருக்கிறேன். என்னிடம் இருப்பது கியர் இல்லாத லுமாலா சைக்கிள். கரியரில் 9 கிலோ பொதி இருக்கும். பயணம் ஓகஸ்ட் மாதத்தில். வழியெங்கும் சமதரை என்பதால் மணிக்கு 18 கிலோமீற்றர் என்று வைத்தால், ஓட்டம் மட்டும் எட்டு மணித்தியாலத்தில் முடிந்துவிட வேண்டும். என் கணக்கில் பிழை இருந்தால் தெரிந்தவர்கள் சுட்டிக்காட்டுங்கள்.

குளக்கட்டு எழுதியது:

கூட்டல் சரி, தம்பி. ஆனால் காற்றை எங்கே சேர்த்தீர்கள்?

ஓகஸ்டில் இங்கே வீசுவது தென்மேற்கிலிருந்து வரும் சோளகம். அதைக் கச்சான் என்று சொல்வோரும் உண்டு. (முறிகண்டியில் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு வாங்கிக் கொறிக்கும் கச்சான் கடலை வேறு.) பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்பு வரை வீதி கிழக்கிலிருந்து சற்றே தெற்காகச் சரிந்து செல்வதால், காற்று உங்கள் வலப்புறத்தில் கொஞ்சம் பின்னால் நின்று தள்ளிக்கொண்டே வரும். தருமபுரமும் விசுவமடுவும் வந்ததும் தெரியாமல் போனதும் தெரியாமல் கடந்து, இவ்வளவுதானா என்ற நினைப்போடு நீங்கள் வட்டுவாகல் பாலத்தில் ஏறுவீர்கள். முல்லைத்தீவில் திரும்பியதும் அதே காற்று நெஞ்சில் வந்து மோதும். ஒட்டுசுட்டான் வரை நேர் எதிர். அங்கிருந்து மாங்குளம் வரை இடப்பக்க முகத்தில். மாங்குளத்திலிருந்து வவுனியா வரை வலப்பக்க முகத்தில். அதாவது, மிகுதி நாள் முழுவதும் உங்களுக்கு அது விலகித் தரப்போவதில்லை.

நேரமும் உங்களுக்கு எதிராகவே அமைந்திருக்கிறது. விடியற்காலையில் காற்று படுத்திருக்கும். நிலம் சூடேறச் சூடேற எழுந்து, பிற்பகலில் உச்சத்துக்குப் போகும். உங்கள் திட்டப்படி, காற்று அடங்கியிருக்கும் அருமையான காலைப்பொழுதை, காற்றுத் துணைசெய்யும் பாதையிலேயே செலவழித்துவிட்டு, அது உரத்து வீசும் வேளை பார்த்து அதற்கு எதிராகத் திரும்புகிறீர்கள். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவது. கியரும் இல்லாத சைக்கிளில் உங்கள் 18 பதினொன்றாகிவிடும். முல்லைத்தீவிலிருந்து மாங்குளம் ஏறத்தாழ 50 கிலோமீற்றர், அதற்கே நாலரை மணித்தியாலம் வேண்டும். அதன்பின்னும் வவுனியாவுக்கு ஏறத்தாழ 45 கிலோமீற்றர் கிடக்கிறது. மாலை ஆறரைக்கெல்லாம் பொழுது பட்டுவிடும்.

ஆகவே முள்ளியவளையில் இரவு தங்கி, மறுநாள் வெளிச்சம் வந்தவுடன் புறப்படுங்கள். ஒன்பது மணிக்கு மாங்குளத்தில் தேநீர் குடிக்கலாம்.

பழைய கரியர் எழுதியது:

மேலே சொன்னதை நான் முழுதும் ஏற்கிறேன், இருந்தாலும் சைக்கிளைப் பற்றியும் யாராவது சொல்ல வேண்டும். 1996 இல் கிளிநொச்சியை விட்டு மல்லாவிக்கு இடம்பெயர்ந்தபோது, நெல் மூட்டை, பாத்திரங்கள், தாயார் என்று ஒரே சைக்கிளில் பல தடவைகள் ஏற்றி இறக்கியவன் நான். அந்தச் செம்மண் பாதைகளோடு ஒப்பிட்டால் இன்றைய தார் வீதி கம்பளம். ஆனால் அந்தத் தாருக்கு ஒரு குணம் உண்டு: நண்பகலில் அதன் சூடு ரயர் வழியே உள்ளே இறங்கி, பழைய ஒட்டுகளை இளக்கிவிடும். ஒட்டுப் போட்ட ரியூப்போடு புறப்படாமல் புதியதைப் போட்டுக்கொண்டு, மற்றொன்றைப் பொதியில் வையுங்கள். வால்கட்டையின் றப்பர் இரண்டும் ஒட்டுப் போடும் சொலூசனும் கையில் இருக்கட்டும். சைக்கிளை ஒருபோதும் வெயிலில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். பொதியின் பாரத்தை முழுவதும் கரியரின் பின்நுனியில் கட்டினால் எதிர்காற்றில் முன்சில்லு அலைபாயும். ஆசனத்தை ஒட்டி முன்தள்ளிக் கட்டுங்கள்.

மணற்குடியாள் எழுதியது:

சென்ற ஆண்டு யூலையில் இதே வழியில் தனியாக ஓடியவள் என்பதால் சிலவற்றைச் சேர்க்கிறேன். ஒட்டுசுட்டானில் தெற்கே திரும்பி நெடுங்கேணி வழியாகப் புளியங்குளத்தில் கண்டி வீதியைப் பிடித்தால் தூரம் கணிசமாகக் குறையும். ஆனால் அது காட்டுப் பாதை. அதிகாலையிலும் பொழுதுபடும் நேரத்திலும் யானை வீதியைக் கடக்கும். புதிய யானை லத்தியோ முறித்துப் போட்ட கொப்போ கண்ணில் பட்டால் நின்றுவிடுங்கள். உழவு இயந்திரமோ பேருந்தோ வரும்வரை காத்திருந்து அதன் பின்னால் செல்லுங்கள். நான் அப்படி முக்கால் மணித்தியாலம் நின்றேன், அந்த நேரம் வீணானதாக எனக்குத் தோன்றவில்லை. காட்டோரம் ஒதுங்க நேர்ந்தாலும் மிதிவெடி எச்சரிக்கைப் பலகைகளைக் கவனியுங்கள். ஆள் நடமாட்டத்தால் தேய்ந்த தடத்தை விட்டு உள்ளே கால் வைக்க வேண்டாம்.

தண்ணீர் விடயத்தில் தாகத்தை நம்பக்கூடாது. மணித்தியாலத்துக்கு அரை லீற்றருக்குக் குறையாமல் குடியுங்கள். ஒரு லீற்றருக்கு ஒரு பைக்கற் ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த நீரிழப்புத் தூள்) கரைத்த போத்தல் ஒன்று தனியாக இருக்கட்டும். பெயருக்கேற்ப, முள்ளியவளையை ஒட்டிய தண்ணீரூற்று என்ற ஊரில் எல்லாப் போத்தல்களையும் நிரப்பிவிடுங்கள், அதற்குப் பிறகு கடைகள் ஐதாகிவிடும். முள்ளியவளையில் சொந்தக்காரர் வீட்டுக்குள் மதியம் நுழைந்தவர் மூன்று மணிக்கு முன்னர் வெளியே வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அந்தக் கணக்கும் உங்கள் எட்டு மணித்தியாலத்துக்குள் இல்லை.

வடமராட்சியான் எழுதியது:

மூவருக்கும் நன்றி. காற்று எந்தத் திசையிலிருந்து வரும் என்பதை வரைபடத்தில் அம்புக்குறியிட்டுப் பார்த்தபோதுதான் என் திட்டம் எவ்வளவு தலைகீழானது என்று விளங்கியது. புதிய ரியூப் இரண்டு வாங்கிவிட்டேன். முள்ளியவளையில் இரவு தங்கி, விடிந்ததும் மாங்குளம் வழியாகவே செல்வேன். நெடுங்கேணிப் பாதையைத் தனியாக ஓடும் துணிவு இப்போதைக்கு எனக்கில்லை. திட்டம் மாறியதை அம்மாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். நான் அங்கே நின்றுதான் போவேன் என்று பெரியம்மாவுக்கு அவர் சென்ற கிழமையே சொல்லிவிட்டாராம்.