நைட்ரஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது ஏர் ஷிஃப்டர்: இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகையில் வெடித்த அனுபவம் யாருக்காவது உண்டா?

பாலைவன ஸ்பேனர்

பஹ்ரைன், சகீர் டிராக் ஸ்ட்ரிப். குளிர்கால ராத்திரி. எங்கள் பட்டறைக்கு வரும் ஒரு பஹ்ரைனி பையனின் ஹயபூசா. 1340 சிசி, நீட்டிய ஸ்விங்ஆர்ம், வெட் கிட், ஏர் ஷிஃப்டர். இங்கே இருப்பவர்களுக்கு விளக்க வேண்டாம், புதிதாகப் படிப்பவர்களுக்கு மட்டும்: நைட்ரஸ் என்பது எஞ்சினுக்குக் கூடுதல் ஆக்சிஜன் தரும் வாயு, வெட் கிட் அதோடு கூடுதல் பெட்ரோலையும் சேர்த்துப் பாய்ச்சும். ஸ்விங்ஆர்ம் பின்சக்கரத்தைத் தாங்கும் கை. ஏர் ஷிஃப்டர் பட்டனை அழுத்தினால் காற்றழுத்தத்தால் கியர் லிவரைத் தள்ளும், எங்கள் வண்டியில் ஹார்ன் பட்டன்தான் அந்தப் பட்டன்.

சுத்தமாகக் கிளம்பினான். இரண்டு விழுந்தது. மூன்றுக்கு அழுத்தினான், வெடித்தது. டாங்குக்கு அடியிலிருந்து மஞ்சளாக ஒரு வெளிச்சம், அவ்வளவுதான், எஞ்சின் செத்து உருண்டுபோய் நின்றது. ஓடிப்போய்ப் பார்த்தால் ஏர்பாக்ஸ் (எஞ்சினுக்குக் காற்று போகும் பெட்டி) மூடியைக் காணோம். அவன் கட்டைவிரல் இன்னும் ஹார்ன் பட்டன் மேலேயே இருக்கிறது. கை நடுங்க நடுங்க பட்டன் விட்டு விட்டு அழுந்துகிறது. செத்த எஞ்சினில் ஏர் சிலிண்டர் மட்டும் டக், டக் என்று கியர் லிவரை உதைத்துக்கொண்டே இருக்கிறது. ஸ்விங்ஆர்முக்குள் அடைத்திருந்த காற்று தீரும்வரை சாவியைத் திருப்ப யாருக்கும் தோன்றவில்லை. பையனுக்குக் காயம் இல்லை. எனக்குத்தான் அந்தச் சத்தம் போக மாட்டேன் என்கிறது.

கில் டைம் (கியர் மாறும்போது ஸ்பார்க்கை வெட்டி வைக்கும் நேரம்) 60 மில்லி செகண்ட். அதே செட்டிங்கில் சீசன் முழுக்க ஓடிய வண்டி. அன்றைக்கு ஜெட்டை (அளவைத் தீர்மானிக்கும் துளை) மட்டும் ஒரு சைஸ் பெரிதாக்கினோம், நைட்ரஸ், பெட்ரோல் இரண்டுக்கும் சேர்த்து. வேறு யாருக்காவது இப்படி ஆனதா?

நானூற்றிரண்டு மீட்டர்

ஜெட் இல்லை அண்ணே, பாட்டில். அபுதாபி யாஸ் டிராக்கில் நான் பார்த்தது. பிட்டில் மதியம் முழுக்க வெயிலில் பாட்டிலை வைத்திருந்தார்கள். நைட்ரஸ் 36.4 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் திரவமாகவே இருக்காது. 900 முதல் 1000 பிஎஸ்ஐக்குள் இருக்க வேண்டிய பிரஷர் கேஜ் எங்கேயோ நின்றது. பிரஷர் ஏறினால் வாயு கூடுதலாகப் பாயும், பெட்ரோல் மட்டும் பழைய அளவிலேயே வரும், கலவை லீன் ஆகிவிடும், அதாவது பெட்ரோல் போதாது. ராத்திரி பிஸ்டனைக் கழற்றியபோது ரிங்குக்கு மேலே ஓரம் உருகி ஒழுகியிருந்தது. அலுமினியம் அப்படி ஒழுகி நான் பார்த்ததில்லை. உங்கள் கேஜ் அன்றைக்கு எவ்வளவு காட்டியது என்று சொல்லவே இல்லையே?

ஆர்எக்ஸ் புகை

மேலே சொன்ன நண்பரே, லீன் ஆனால் பிஸ்டன் போகும். ஏர்பாக்ஸ் மூடி ஏன் பறக்கிறது? அவர் பிஸ்டன் போனதாகச் சொல்லவே இல்லை. கேள்வியை ஒருமுறை படித்துவிட்டுப் பதில் போடலாம்.

கணக்கு எளிது. 10,000 ஆர்பிஎம்மில் நொடிக்கு 166 சுற்று. 60 மில்லி செகண்டில் 10 சுற்று. ஃபோர் ஸ்ட்ரோக், அதனால் ஒவ்வொரு சிலிண்டரும் 5 தடவை உள்ளே இழுக்கும். நான்கு சிலிண்டருக்கு 20 தடவை. ஷிஃப்டர் அந்த நேரம் முழுக்க இக்னிஷனை வெட்டி வைத்திருக்கிறது. சோலனாய்டு (நைட்ரஸையும் பெட்ரோலையும் திறந்து மூடும் மின்வால்வு) மூடவில்லை என்றால் நைட்ரஸும் பெட்ரோலும் பாட்டுக்குப் போய்க்கொண்டேதான் இருக்கும். ஸ்பார்க் திரும்பி வரும்போது எரியாத சரக்கு எல்லா இடத்திலும் நிற்கிறது. வால்வு இரண்டும் திறந்திருக்கும் ஒரு நொடித் துளியில் தீ ஏர்பாக்ஸ் பக்கம் ஓடினால் மூடி போகாமல் என்ன செய்யும்?

ஹூஸ்டன் பக்கம் பேடவுன் ட்ராக் (2023-ல் மூடிவிட்டார்கள், வயிறு எரிகிறது) இருந்தபோது ஒரு கவாஸாகி இசட்எக்ஸ்-14-க்கு இதே கதை, ஆனால் தீ ஏர்பாக்ஸ் பக்கம் போகாமல் சைலன்சர் பக்கம் போனது. சைலன்சர் தையல் விட்டு விரிந்து நின்றது. ஓட்டியவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். சிரிப்பு ஏன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

இருங்காட்டுக்கோட்டை வாசி

என்னிடம் நைட்ரஸ் இல்லை, ஏர் ஷிஃப்டர் மட்டும். எழுதலாமா என்று யோசித்தேன், சரி எழுதிவிடுகிறேன்.

லைனில் காத்திருந்த நேரத்தில் ஃபிட்டிங்கில் காற்று மெதுவாகக் கசிந்திருக்கிறது. 120 பிஎஸ்ஐ இருக்க வேண்டியது, பாதிகூட இல்லை. பட்டனை அழுத்தினால் லிவர் பாதி வழியில் தயங்கியது. கியர் விழவில்லை, ஃபால்ஸ் நியூட்ரல் (இரண்டு கியருக்கும் நடுவில் எதிலும் பிடிக்காத நிலை). த்ராட்டில் முழுக்கத் திறந்திருக்கிறது, ஆர்பிஎம் ஊசி லிமிட்டரில் (சுற்று வரம்பைத் தாண்டாமல் தடுப்பது) முட்டிப் படபடவென்று துடித்தது. புகை அவர்கள் சொன்னதைப் படித்ததும் வயிற்றைக் கலக்கியது. லிமிட்டரும் சில வண்டிகளில் ஸ்பார்க்கை வெட்டுகிற சாமான்தானே? அப்போது நைட்ரஸும் திறந்திருந்தால்?

ஆர்எக்ஸ் புகை

அதேதான். லிமிட்டருக்குக் கொஞ்சம் முன்னாலேயே விண்டோ ஸ்விட்ச் (குறிப்பிட்ட ஆர்பிஎம்முக்குள் மட்டும் நைட்ரஸைத் திறக்க விடுவது) நைட்ரஸை மூடிவிட வேண்டும்.

ஒர்க்‌ஷாப் பெரியவர்

தம்பிகளுக்கு வணக்கம். எங்கள் தெருவில் ஒரு பையன் கேக் கடையில் கிரீம் அடிக்கிற சின்ன நைட்ரஸ் குப்பியை பல்சரில் மாட்டப் பார்த்தான், அவன் அம்மா பிடுங்கி எறிந்தார். என் அனுபவம் அவ்வளவுதான். ஆனால் படிக்கிற இளைஞர்களுக்குச் சிலது சொல்லியாக வேண்டும்.

பாட்டிலைத் தீயில் காட்டிச் சூடாக்காதீர்கள், அதற்கென்று வார்மர் வருகிறது. ஃபிட்டிங்கில் எண்ணெய், கிரீஸ் கை படக்கூடாது. ஆஸ்பத்திரி சிலிண்டரைத் தேடி அலையாதீர்கள். வண்டிக்கு விற்கிற வாயுவில் சல்பர் டை ஆக்சைடு கலந்திருப்பார்கள், யாரும் முகர்ந்து போதை ஏற்றக்கூடாது என்பதற்காக. ஈசியூவில் (எஞ்சின் கம்ப்யூட்டர்) வரும் குவிக்‌ஷிஃப்டர் (கிளட்ச் பிடிக்காமல் கியர் மாற்ற உதவுவது) சிலவற்றில் ஸ்பார்க்கை விட்டுவிட்டு இன்ஜெக்டரை வெட்டும். நைட்ரஸை மட்டும் பாய்ச்சி, பெட்ரோலை இன்ஜெக்டரிடமே விடும் டிரை கிட்டோடு அதைச் சேர்த்தால் அந்தத் துளி நேரத்தில் நைட்ரஸ் மட்டும் உள்ளே போகும், பெட்ரோல் போகாது. பிஸ்டனை நீங்களே கையால் சுட்ட மாதிரி. கம்பெனி பிஸ்டன் வார்ப்பாக இருந்தால், பெரிய ஷாட்டுக்கு (நைட்ரஸ் அளவுக்கு) ஃபோர்ஜ்டு, அதாவது அடித்து உருவாக்கியது, போடுங்கள். ஸ்பார்க் டைமிங்கைப் பின்னுக்கு இழுங்கள். கில் டைமைக் குறைத்தால் வேகம் வரும் என்று ரொம்பவும் குறைக்காதீர்கள், கியர் பல் பிடி விடுவதற்குள் லிவர் தள்ளினால் ஷிஃப்ட் ஃபோர்க் (கியரை நகர்த்தும் கவை) வளையும். ரோட்டில் ஓட்டவே ஓட்டாதீர்கள். ஹெல்மெட் ஸ்ட்ராப் போடுங்கள்.

பாலைவன ஸ்பேனர்

ஐயா, ரொம்ப நன்றி, ஸ்ட்ராப் போட்டிருந்தான்.

நானூற்றிரண்டு, கேஜ் 950. கிளம்பும் முன் பார்த்தேன்.

புகை சொன்னதைப் படித்துவிட்டு இன்றைக்கு வயரிங் ஹார்னஸைப் பிரித்தேன். நைட்ரஸ் கண்ட்ரோலரில் ஷிஃப்ட் இன்புட் என்று ஒரு வயர் வருகிறது, கில் நேரத்தில் சோலனாய்டை மூடச் சொல்வதற்கு. அதை எங்கேயும் இணைக்கவே இல்லை. முனையில் டேப் சுற்றி ஓரமாகக் கட்டி வைத்திருக்கிறார்கள், அவ்வளவு அழகாக. கிட்டை மாட்டியது வேறொரு பட்டறை. ஒன்றிலிருந்து இரண்டுக்குத் தப்பியதும் இப்போது புரிகிறது. கண்ட்ரோலர் 30 சதவீதத்தில் தொடங்கி மெதுவாக ஏற்றுகிறது, இரண்டாம் கியர் முடிகிறபோதுதான் முழு ஷாட். சின்ன ஜெட்டில் எரியாமல் தேங்கியது குறைவு, சீசன் முழுக்கப் பிழைத்தது. இணைத்துவிட்டேன். ஏர்பாக்ஸ் வந்ததும் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

நானூற்றிரண்டு மீட்டர்

கிளம்பும் முன் 950 சரி. பர்ன்அவுட் (டயரைச் சுழற்றிச் சூடாக்குவது) முடிந்து ஸ்டேஜ் பண்ணும்போது (தொடக்கக் கோட்டில் நிற்கும்போது)? பாட்டில் வார்மர் ஆனில் இருந்ததா, ஆஃபா?

பாலைவன ஸ்பேனர்

ஆஃப்.

நானூற்றிரண்டு மீட்டர்

இருந்தாலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.