குறட்டை விட்டவர் மீது என்ன குற்றம்?

சாட்ஸ்வொர்த் மகள்:
நாகசாகி அருகே 2015இல் ரோபோக்களைப் பணியில் அமர்த்தித் திறக்கப்பட்ட ஹென் நா ஓட்டல், 2019இல் தன்னிடமிருந்த 243 ரோபோக்களில் பாதிக்கும் மேல் விலக்கிவிட்டதைச் சுட்டிக்காட்டி, "ஜப்பானியரே சேவை ரோபோக்களுக்குத் தயாராக இல்லாதபோது தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத் தமிழர் எப்படித் தயாராவார்கள்?" என்று பீனிக்ஸ் ஆசிரியர் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து என் மனம் ஆறவில்லை. அங்கே அறையில் வைத்திருந்த ரோபோ பொம்மை, விருந்தினரின் குறட்டையைக் கேள்வி என்று எண்ணி நள்ளிரவில் அவரை எழுப்பியது. குறட்டை விட்டவர் மீது என்ன குற்றம்? தயாராகாதது பொம்மைதான்.

பீனிக்ஸ் ஆசிரியர்:
அம்மணி, குறட்டை வெறும் சாக்கு. மனம் ஒப்பியிருந்தால் அந்தப் பொம்மையைத் திருத்தி வைத்துக்கொண்டிருப்பார்கள். மனிதச் சாயலை நெருங்கும் இயந்திரம் ஒரு கட்டத்தில் நமக்கு ஒவ்வாமையைத் தரும் என்று ஜப்பானிய ரோபோ அறிஞர் மசாஹிரோ மோரி 1970இலேயே எழுதிவிட்டார்.

டொங்காட் தம்பி:
தரை பெருக்கும் வட்டு ரோபோவும் ஓட்டல் பொம்மையும் ஒன்றா? சேவை ரோபோ என்றால் எது என்று முதலில் வரையறுத்துக்கொள்ளலாமே.

சாட்ஸ்வொர்த் மகள்:
வரையறை இருக்கட்டும், தம்பி. மோரி எழுதியது தோற்றத்தையும் அசைவையும் பற்றி. நான் கேட்பது குறட்டையைப் பற்றி. என் அம்மாவுக்கு எண்பது வயது. தரை பெருக்கும் வட்டு வீட்டுக்கு வந்த முதல் வாரம், அது நெருங்கும்போதெல்லாம் கால்களை நாற்காலியின் மேல் தூக்கிக்கொண்டு, கோழியை விரட்டுவதுபோல "போ, போ" என்பார்கள். இன்று, மின்வெட்டில் அது கட்டிலுக்கடியில் நின்றுவிட்டால், "அது எங்கே?" என்று அவர்களே தேடுகிறார்கள். நினைவு மங்கிய முதியோருக்காக ஜப்பானில் உருவாக்கிய பாரோ என்னும் சீல் (கடல்நாய்) குட்டி வடிவ ரோபோவைப் பல நாட்டு முதியோர் இல்லங்களில் மடியில் வைத்துத் தடவுகிறார்கள். மனிதர் தயாராகத்தான் இருக்கிறார்கள், ஐயா.

இசிபிங்கோ அண்ணன்:
ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வேலையில்லாத இந்த நாட்டில், பெருக்கிப் பிழைக்கும் பெண்ணின் கூலியை வட்டுக்குக் கொடுத்துவிட்டுப் பெருமை பேசுகிறீர்களா?

சாட்ஸ்வொர்த் மகள்:
எங்கள் வீட்டில் பெருக்கியவள் நான்தான், அண்ணா. எனக்கு யாரும் கூலி கொடுத்ததில்லை.

பீனிக்ஸ் ஆசிரியர்:
பெற்ற தாயைச் சீல் குட்டியிடம் ஒப்படைக்கத் துணிபவர்களுடன் எனக்கு வாதம் இல்லை. 1860இல் கரும்புத் தோட்டத்துக்கு வந்த நம் முன்னோர் பெரியவர்களைக் கைவிட்டதில்லை.

சாட்ஸ்வொர்த் மகள்:
ஒப்படைத்தேன் என்று நான் எங்கே எழுதினேன்? இரவில் அம்மாவைப் புரட்டிப் படுக்க வைக்கும் கைகள் என்னுடையவை. கோயில் கணக்கைக் கணினியில் ஏற்றச் சொன்னபோதும் "மக்கள் தயாராக இல்லை" என்றுதான் சொன்னீர்கள். தயாராக இல்லாதவர் நீங்கள் ஒருவரே.

பீனிக்ஸ் ஆசிரியர்:
கோயில் கணக்கை இங்கே இழுக்க வேண்டாம். ஓட்டல் பாதிக்கு மேல் விலக்கியது, அது உண்மை.

சாட்ஸ்வொர்த் மகள்:
விலக்கியது பொம்மையை, குறட்டை விட்டவரை அன்று. அம்மா விழித்துவிட்டார்கள், இரவு மீண்டும் வருவேன். அதற்குள் குறட்டைக்குப் பதில் எழுதி வையுங்கள்.