புதுப்பிப்பு: டிரே டர்னர் மீண்டுவிட்டார்

ஆகஸ்ட் தொடக்கத்தில் இங்கே புலம்பியிருந்தேன்: 11 ஆண்டுக்கு 30 கோடி டாலர் வாங்கி ஃபிலடெல்ஃபியா ஃபில்லீஸ் என்ற அமெரிக்க பேஸ்பால் அணிக்கு வந்த டர்னர் பந்தைத் தொடவே திணறுகிறார், சராசரி .235 (ஆயிரம் வாய்ப்புக்கு 235 ஹிட் என்ற கணக்கு), கொஞ்ச நாள் உட்கார வைக்கலாம் என்று. 2023 சீசன் முடிந்துவிட்டது. நான் சொன்னது தவறு.

திருப்பம் ஆகஸ்ட் 4 அன்று, கன்சாஸ் சிட்டி ராயல்ஸுடனான ஆட்டத்தில். சொந்த ஆட்டக்காரரையே கூச்சலிட்டு விரட்டும் ஊர் என்று பெயரெடுத்த ஃபிலடெல்ஃபியா, அவர் மட்டையோடு நடந்து வந்தபோது எழுந்து நின்று கைதட்டியது. ஹிட் அடித்ததற்காக அல்ல, அடிக்கும் முன்பே! பார்த்துக்கொண்டிருந்த எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

மறுநாளே ஹோம் ரன், அதாவது பந்து வேலிக்கு வெளியே! அப்புறம் நிற்கவே இல்லை. அதுவரை மொத்தம் 10 ஹோம் ரன். அதன்பின் 16, சராசரி .337. சீசன் முடிவில் .266. இத்தனை திணறலிலும் அவர் கால்கள் மட்டும் தளரவில்லை: 30 முறை பேஸ் திருட (யாரும் பந்தை அடிக்காமலே அடுத்த நிலைக்கு ஓடிச் சேர) ஓடினார், ஒருமுறைகூடப் பிடிபடவில்லை.

கைதட்டல்தான் காரணமா, நல்ல ஆட்டக்காரர் எப்படியும் மீள்வாரா என்று கேட்கலாம். எனக்குக் கைதட்டல்தான். ரசிகர்களுக்கு நன்றி சொல்லி ஊரில் விளம்பரப் பலகைகளே வைத்தாரே!